வீடியோ பார்த்தால் வேலை வந்துவிடுமா?

என்னிடம் மொத்தம் 11 சான்றிதழ்கள் இருக்கின்றன. எல்லாம் பிடிஎஃப். எக்செல் அடிப்படை, எக்செல் அட்வான்ஸ்டு, டேலி, ஜிஎஸ்டி, பவர் பிஐ, டிஜிட்டல் மார்க்கெட்டிங் (இதை எதற்குப் படித்தேன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது)... இப்படிப் போகும் பட்டியல். பி.காம். இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் சேர்த்தவை. எல்லாமே வீட்டில் உட்கார்ந்து, ஹெட்போன் மாட்டிக்கொண்டு, வீடியோ பார்த்தே வாங்கியவை.

இந்தப் 11-ம் சேர்ந்து ஒரு சனிக்கிழமை சாயங்காலம் என்னை எப்படிக் கைவிட்டன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் கருத்தெல்லாம் அதற்குப் பிறகு. :-)

மாமாவுக்குத் திண்டுக்கல்லில் ஹார்டுவேர் கடை. சிமெண்ட், பெயிண்ட், பிவிசி பைப், ஆணி, தாழ்ப்பாள் எல்லாம் உண்டு. அங்கே கணக்கு பார்க்கும் அக்கா, பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று இரண்டு நாள் லீவு. அன்றைக்குத் தேதி 18. இருபதாம் தேதிக்குள் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டாக வேண்டும். மாமா எனக்கு போன் அடித்தார்.

"மாப்ள, நீதான் எக்செல்லு, டேலி எல்லாம் படிச்சு வச்சிருக்கியே... வந்து அந்த ரெண்டு பட்டியலையும் ஒத்துப் பாத்துக் குடுத்துட்டுப் போயேன்."

காமர்ஸ் படிக்காத நண்பர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். மாமா சரக்கு வாங்கும்போது கட்டிய வரியை, விற்கும்போது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் சரக்கு கொடுத்த வியாபாரி அந்த பில்லைத் தன் கணக்கில் காட்டித் தாக்கல் செய்திருக்க வேண்டும். யார் யார் காட்டியிருக்கிறார்கள் என்பது ஒவ்வொரு மாதமும் 14-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-2பி என்ற பட்டியலாக வரும். 2022 ஜனவரி 1 முதல், அவர் காட்டாத பில்லுக்கு நாம் வரியைக் கழிக்க முடியாது. தவறாகக் கழித்துப் பயன்படுத்திவிட்டால் பிறகு அதைத் திருப்பிக் கட்டுவதோடு ஆண்டுக்கு 18 சதவீத வட்டியும் உண்டு. ஆக, கடையின் கொள்முதல் பட்டியலையும் இந்த 2பி பட்டியலையும் வரிக்கு வரி ஒத்துப் பார்ப்பது மாமாவின் பாக்கெட் சம்பந்தப்பட்ட வேலை.

நான் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தேன். இதற்குத்தானே வீலுக்அப்! அந்த வீடியோவை மூன்று தடவை பார்த்திருக்கிறேனே. ஃபார்முலாவைப் போட்டேன். கீழே வரை இழுத்தேன். மடமடவென்று ஏறக்குறைய எல்லா வரிசையிலும் தொகை வந்து நின்றது. இருபது நிமிடம்கூட ஆகவில்லை. மாமா டீயும் உளுந்து வடையும் வாங்கிக் கொடுத்தார். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

திங்கள்கிழமை காலை அந்த அக்கா வந்து ஃபைலைத் திறந்தார். அரை நிமிடம் பார்த்திருப்பார்.

"தம்பி, இந்தப் பெயிண்ட் பில்லு 4,720 ரூவா. இதுக்கு நேரா சிமெண்ட்காரங்க தொகை வந்திருக்கு பாருங்க. இப்படியே அனுப்பியிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

எனக்கு முகம் செத்துவிட்டது. விஷயம் என்னவென்றால், வீலுக்அப்பில் கடைசியாக நான்காவது இடத்தில் ஒன்று கொடுக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் எக்செல் சரியாகப் பொருந்துவதைத் தேடாது. கிட்டத்தட்டப் பொருந்துவதை எடுத்துக்கொடுக்கும். தப்பு என்று ஒரு எச்சரிக்கைகூட வராது. வீடியோவில் அந்த ஆசிரியர் ஒவ்வொரு தடவையும் அங்கே பூஜ்யம் போட்டார். ஏன் போட்டார் என்று சொன்னாரோ என்னவோ, நான் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

சரி, பூஜ்யத்தைப் போட்டேன். பாதிக்கு மேல் 'என்.ஏ.' என்று வந்துவிட்டது. அதாவது கிடைக்கவில்லை. பில் இருக்கிறது, கண்ணால் பார்க்கிறேன், எக்செல் இல்லை என்கிறது! காரணம், கடை நோட்டில் பில் எண் வெறும் 125. வியாபாரி தாக்கல் செய்தது 'ஐஎன்வி/0125'. சில இடங்களில் எண்ணுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு இடைவெளி. சில இடங்களில் ஒரு பக்கம் எண்ணாகவும் மறுபக்கம் எழுத்தாகவும் சேமிக்கப்பட்டிருந்தது. நான் பார்த்த எந்தக் கோர்ஸிலும் இப்படி ஒரு பட்டியல் வரவேயில்லை. அங்கே எப்போதும் 10 வரிசைதான். ரமேஷ், சுரேஷ், மகேஷ். எல்லாம் சுத்தமாக இருக்கும்.

அக்கா என்ன செய்தார் தெரியுமா? பில் எண்ணையே தொடவில்லை. வியாபாரியின் ஜிஎஸ்டி எண்ணையும் வரிக்கு முந்தைய தொகையையும் ஒட்டி ஒரே கட்டமாக்கினார். இரண்டு பட்டியலிலும் அப்படியே. பிறகு அதை வைத்துத் தேடினார். "பில் நம்பரை ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி எழுதுவாங்க தம்பி. ஜிஎஸ்டி நம்பரை அப்படி இஷ்டத்துக்கு எழுத முடியாதுல்ல" என்றார். உண்மைதான். அது 15 இலக்கம். முதல் இரண்டு மாநிலத்துக்கு (நமக்கு 33), அடுத்த பத்து பான் எண். இதை நான் பரீட்சையில் எழுதி இரண்டு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அதை வைத்து இப்படி ஒரு வேலை பார்க்கலாம் என்று தோன்றியதில்லை.

கடைசியில் ஏழெட்டு பில் ஒட்டாமல் நின்றன. சிலவற்றில் பைசா ரவுண்ட் ஆகியிருந்தது. இரண்டு வியாபாரிகள் தாக்கல் செய்யவே இல்லை; அவர்களுக்கு போன் போட்டார். மதியச் சாப்பாட்டுக்கு முன் வேலை முடிந்தது.

சாப்பிடும்போது கேட்டேன், "இதெல்லாம் எங்கக்கா கத்துக்கிட்டீங்க?"

"ப்ளஸ் டூ முடிச்சுட்டு மூணு மாசம் டேலி சென்டர் போனேன். அப்புறம் எல்லாம் இங்க பில்லு பாத்துப் பாத்து வந்ததுதான். ரெண்டு கட்டத்தை ஒட்டுறது மட்டும் யூடியூப்ல பாத்தேன். மூணு நிமிஷ வீடியோ."

இந்தப் பதில்தான் என்னை யோசிக்க வைத்தது. அவரும் வீடியோ பார்த்துத்தான் கற்றிருக்கிறார்! அவர் பார்த்தது மூன்று நிமிடம். நான் பார்த்தது மணிக்கணக்கில். அவருக்கு வேலை வந்தது, எனக்கு பிடிஎஃப் வந்தது.

வீடியோவைத் திட்ட வரவில்லை

நான் வீடியோப் பயிற்சிக்கு எதிரி இல்லை. சொல்லப்போனால் நம் தலைமுறைக்குக் கிடைத்த பெரிய கொடுப்பினை அது. அமெரிக்காவில் 1995-இல் லிண்டா வைன்மன் என்ற ஆசிரியையும் அவர் கணவரும் தொடங்கிய லிண்டா டாட் காம், 2002-இல் சந்தா கட்டி வீடியோ பார்க்கும் முறைக்கு வந்தது. போட்டோஷாப் முதல் அக்கவுண்டிங் மென்பொருள் வரை அதில் கற்றவர்கள் ஏராளம். 2015-இல் லிங்க்ட்இன் அதை சுமார் 150 கோடி டாலருக்கு வாங்கியது. சல்மான் கான் (நடிகர் இல்லை!) 2004-இல் உறவுக்காரப் பெண்ணுக்குத் தூரத்திலிருந்து கணக்கு சொல்லிக்கொடுக்கத் தொடங்கி, 2006 முதல் யூடியூபில் போட்டவைதான் கான் அகாடமியாக வளர்ந்தன. நம் நாட்டிலும் ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இலேயே என்பிடெல்லைத் தொடங்கிவிட்டன. ஸ்வயம் 2017-இல் வந்தது.

ஒரு சென்டருக்குப் போய் டேலி படிக்க ஆயிரக்கணக்கில் பணம் வேண்டும். பஸ் செலவு தனி. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வகுப்பு என்றால் பல வீடுகளில் பெண் பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள். இவர்கள் எல்லோருக்கும் ஒரு போனும் கொஞ்சம் டேட்டாவும் போதும் என்றாகியிருக்கிறது. புரியவில்லை என்றால் பத்து தடவை திரும்பப் பார்க்கலாம், யாரும் முறைக்க மாட்டார்கள். இதையெல்லாம் யாராவது குறைசொன்னால் நானே சண்டைக்குப் போவேன்.

என் சண்டை வேறு. வீடியோ பார்ப்பதையே கற்பது என்று நாம் எண்ணிக்கொள்கிறோமே, அதோடுதான்.

கண் செய்யும் மோசடி

2018-இல் சைக்கலாஜிக்கல் சயின்ஸ் என்ற ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் கார்டாஸ், எட் ஓபிரையன் இருவரும் எழுதியது. மேஜை மேல் பாத்திரங்கள் அப்படியே இருக்க, விரிப்பை மட்டும் சட்டென்று உருவும் வித்தை இருக்கிறதே, அந்த வீடியோவைச் சிலருக்கு ஒரு தடவையும் சிலருக்கு 20 தடவையும் காட்டினார்கள். 20 தடவை பார்த்தவர்களுக்கு 'என்னாலும் முடியும்' என்ற நம்பிக்கை அதிகமாக இருந்தது. அடுத்து, இலக்கை நோக்கி ஈட்டி போன்ற சின்ன அம்பை எறியும் டார்ட் விளையாட்டை இதே மாதிரி காட்டிவிட்டு, நிஜமாகவே எறியச் சொன்னார்கள். 20 தடவை பார்த்தவர்கள் தங்களுக்கு அதிகப் புள்ளி கிடைக்கும் என்றார்கள். எறிந்தபோது, ஒரு தடவை பார்த்தவர்களைவிட ஒன்றும் உசத்தி இல்லை.

படித்தவுடன் எனக்கு வீலுக்அப் வீடியோவை மூன்று தடவை பார்த்தது ஞாபகம் வந்தது. திறமை கூடவில்லை, தெனாவட்டுதான் கூடியது.

யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியம் இல்லை. வீடியோவில் மவுஸ் எங்கே போக வேண்டுமோ அங்கே நேராகப் போகும். 'எந்த மெனுவில் இருக்கும்?' என்று தேடித் தவிப்பது நமக்கு நடப்பதே இல்லை. ஆசிரியர் செய்யும் தப்புகளை எடிட்டிங்கில் வெட்டிவிடுகிறார்கள். அந்தத் தப்பும் தேடலும்தான் கற்றல். அதை வெட்டிவிட்டு மீதியை நமக்குக் காட்டினால், பார்க்கச் சுகமாக இருக்கிறது. சுகமாக இருப்பதால் புரிந்துவிட்டது என்று நினைக்கிறோம்.

முடித்தவர்களும் முடிக்காதவர்களும்

இணையவழிப் படிப்புகளில் சேர்ந்தவர்களில் மிகக் குறைவானவர்களே முடிக்கிறார்கள் என்பது பழைய விஷயம். 2011-இல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து இலவசமாக நடந்த செயற்கை அறிவுப் பாடத்தில் சுமார் 1,60,000 பேர் சேர்ந்தார்கள். முடித்தவர்கள் 20,000-க்குச் சற்று மேல். 2019-இல் சயின்ஸ் இதழில் ஜஸ்டின் ரைக், ஹோசே ருயிபெரெஸ்-வலியென்டே இருவரும் ஹார்வர்டு, எம்ஐடி இணையப் பாடங்களின் ஆறு வருடக் கணக்கை வெளியிட்டார்கள். 2017-18-இல் சேர்ந்த எல்லோரையும் எடுத்துக்கொண்டால் முடித்தவர்கள் 3.13 சதவீதம். பதிவு செய்தவர்களில் பாதிக்கு மேல் பாடத்துக்குள் நுழையவே இல்லை! பணம் கட்டிச் சான்றிதழுக்குப் பதிவு செய்தவர்களில் 46 சதவீதம் முடித்திருக்கிறார்கள்.

இதைக் காட்டித்தான் எல்லோரும் 'பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை' என்கிறார்கள். எனக்கு முடிக்காதவர்களைப் பற்றிப் பெரிய கவலை இல்லை. மூன்று நிமிடம் பார்த்துத் தேவையை எடுத்துக்கொண்டு போன அந்த அக்காகூட இந்தக் கணக்குப்படி 'முடிக்காதவர்'தான். என் கவலை முடித்தவர்களைப் பற்றி. 100 சதவீதம் முடித்தவன் நான். பல இடங்களில் முடித்தல் என்றால் வீடியோ கடைசி வரை ஓடியது என்று பொருள், அவ்வளவுதான். சத்தத்தை நிறுத்திவிட்டு, வேறு ஜன்னலில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்தாலும் பச்சை டிக் விழும். கடைசியில் பத்துக் கேள்வி. தப்பானால் திரும்ப எழுதலாம். இரண்டாவது தடவை எந்த விடை என்று தெரிந்துவிடும். என் வகுப்பில் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் இப்படித்தான் வாங்கியிருக்கிறோம். நானும் உண்டு, ஒளிக்கவில்லை.

அம்மாவின் டைப்ரைட்டிங் கிளாஸ்

என் அம்மா அந்தக் காலத்தில் டைப்ரைட்டிங் லோயர், ஹையர் இரண்டும் பாஸ். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் பரீட்சை. இங்கிலீஷில் லோயருக்கு நிமிடத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. இப்போதும் நம் ஊர்களில் மாடிப்படி ஏறினால் ஒரு இன்ஸ்டிடியூட்டும் டக டக சத்தமும் இருக்கத்தான் செய்கின்றன.

அம்மாவிடம் கேட்டேன், அங்கே எப்படிச் சொல்லிக்கொடுப்பார்கள் என்று. "சொல்லிக்குடுக்க என்ன இருக்கு? முத நாள் விரலை எங்க வைக்கணும்னு காட்டுவாரு. அப்புறம் ஏ, எஸ், டி, எஃப், ஜி, எஃப்... பேப்பர் பேப்பரா அதையே அடிக்கணும். சார் வந்து தப்பு விழுந்த எழுத்தையெல்லாம் சிவப்பு மசியில சுழிச்சுட்டுப் போவாரு. அடுத்த நாளும் அதே. விரல்ல வர்ற வரைக்கும் விடமாட்டாரு."

கவனியுங்கள். விளக்கம் ஐந்து நிமிடம். மீதி நேரம் முழுக்க மாணவரின் கை. நடுவில் சிவப்பு மசியோடு ஒருவர். கடைசியில் ஏமாற்ற முடியாத ஒரு பரீட்சை. டைப்பிங் வீடியோ பார்த்தே ஹையர் பாஸ் பண்ணிவிட்டேன் என்று யாராவது சொன்னால் சிரிப்போம். ஆனால் எக்செல் வீடியோ பார்த்து 'அட்வான்ஸ்டு' சான்றிதழ் வாங்கினால் கைதட்டுகிறோம். எக்செல்லும் விரலில் வர வேண்டிய வேலைதானே?

வீடியோவும் இப்படிச் செய்யலாம்

வீடியோவால் இது முடியாதா என்றால், முடியும். ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டம் இதற்கு உதாரணம். பேராசிரியர் கண்ணன் மௌட்கல்யா முன்னின்று தொடங்கிய திட்டம். லிப்ரே ஆபிஸ், ஜிம்ப், பைத்தான் போன்ற இலவச மென்பொருள்களுக்கு ஏறக்குறைய பத்து நிமிட வீடியோக்கள். தமிழிலும் குரல் உண்டு. அவர்கள் சொல்லும் முறையில்தான் விஷயம் இருக்கிறது. திரையின் ஒரு பாதியில் வீடியோ, மறுபாதியில் மென்பொருள். கொஞ்சம் பார், நிறுத்து, நீ செய், வரவில்லை என்றால் பின்னால் ஓட்டு, மறுபடி செய். இன்னொன்று, வீடியோ எடுப்பதற்கு முன்பே அதன் எழுத்து வடிவத்தை விஷயம் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, அவரால் பின்பற்ற முடிகிறதா என்று சோதிக்கிறார்கள்.

பல கோர்ஸ்களில் மணிக்கணக்கில் ஓடும் பாடத்தை இவர்கள் துண்டு துண்டாக்கியதும் சரியே. எட்எக்ஸ் வீடியோக்களை ஆராய்ந்து ஃபிலிப் குவோவும் மற்றவர்களும் 2014-இல் வெளியிட்ட கட்டுரை, வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர்கள் பார்க்கும் நேரத்தின் நடு அளவு 6 நிமிடத்தைத் தாண்டுவதில்லை என்கிறது. நான் 40 நிமிட வீடியோவில் 'படித்தது' எவ்வளவு என்று இப்போது புரிகிறது. :-(

பரீட்சை விஷயத்தில் என்பிடெல் எனக்குப் பிடிக்கும். வீடியோ பார்ப்பது இலவசம். ஆனால் சான்றிதழ் வேண்டுமென்றால் தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். வாராந்தர அசைன்மெண்ட்டுக்கு 25, அந்தத் தேர்வுக்கு 75 என்று மதிப்பெண். என்னுடைய 11-இல் என்பிடெல் ஒன்றுகூட இல்லை. ஏன் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

பழைய வீடியோ என்ற பள்ளம்

நம் துறைக்கே உரிய இன்னொரு சிக்கல். 2017 ஜூலை 1-க்கு முன் எடுத்த டேலி வீடியோவில் வாட் வரி இருக்கும். அது இப்போது நம் கடைக்கணக்குக்கு உதவாது. 2020 நவம்பரில் டேலி பிரைம் வந்தபோது மெனுக்கள் மாறின. எஃப்5 பேமெண்ட், எஃப்6 ரிசீப்ட், எஃப்7 ஜர்னல் என்ற சாவிகள் அப்படியே இருந்தாலும், லெட்ஜர் திறக்க 'அக்கவுண்ட்ஸ் இன்ஃபோ'வைத் தேடினால் அங்கே அது இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி விகிதங்களே மாறி, பெரும்பாலான பொருட்கள் 12, 28 சதவீதத்திலிருந்து 5, 18-க்குப் போய்விட்டன. சிமெண்ட் 28-லிருந்து 18 ஆனது. அதற்கு முந்தைய வீடியோவைப் பார்த்து பில் போட்டால் மாமா கதி என்ன?

வீடியோ மனப்பாடமாகத் தெரிந்தவன் இங்கே நின்றுவிடுவான். பட்டனுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு புரிந்தவன் விகிதத்தை மட்டும் மாற்றிக்கொண்டு போய்க்கொண்டே இருப்பான். பார்ப்பதற்கு முன் வீடியோவின் தேதியைப் பார்க்கும் பழக்கமே எனக்கு இப்போதுதான் வந்திருக்கிறது.

"வீடியோ பார்த்தே வேலைக்குப் போனவங்க இல்லையா?"

என் நண்பன் இப்படித்தான் மடக்கினான். இருக்கிறார்கள், நிறையவே. எங்கள் தெருவிலேயே ஒரு அண்ணன் வீடியோ பார்த்தே புரோகிராமிங் கற்று வேலைக்குப் போனார். அவரிடமே கேட்டேன். ஒரு மணி நேர வீடியோவுக்கு நான்கு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். வீடியோவில் செய்ததை அப்படியே செய்யாமல், சித்தப்பாவின் மெஸ்ஸுக்கு மாதக் கணக்கு எழுத ஒரு புரோகிராம் செய்ய முயன்று, முட்டி மோதி, எங்கே நின்றாரோ அதற்கு மட்டும் வீடியோ தேடியிருக்கிறார். அந்த அக்கா கதையேதான்! கையில் ஒரு வேலை, வேலையில் ஒரு சிக்கல், சிக்கலுக்கு ஒரு வீடியோ. நான் தலைகீழாகப் போனேன். முதலில் வீடியோ, பிறகு சான்றிதழ், வேலை எப்போதாவது வரும் என்ற நம்பிக்கை.

அதனால் நான் இப்போது எனக்கு வைத்துக்கொண்டிருக்கும் விதிகள் இவை. பிடித்தால் நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள்.

1. கையில் வேலை இல்லாமல் எந்தக் கோர்ஸிலும் சேர்வதில்லை. வேலை கிடைக்கவில்லை என்றால் வீட்டு மளிகைக் கணக்கு, ஊர்த் திருவிழா வரவு செலவு, பக்கத்துக் கடை ஸ்டாக் என்று ஏதாவது ஒரு நிஜப் பட்டியல்.

2. பாதித் திரை வீடியோ, பாதித் திரை வேலை. போனில் படுத்துக்கொண்டு பார்ப்பது பொழுதுபோக்குக் கணக்கில் சேரும்.

3. வீடியோவை மூடிவிட்டு, அடுத்த நாள் காலையில் அதே வேலையை வெறும் ஷீட்டில் செய்து பார்ப்பது. வந்தால்தான் வந்தது.

4. தப்பைச் சுழித்துக் காட்ட ஒருவர். எனக்கு அந்த அக்கா. உங்களுக்கு ஒரு சீனியர், ஆடிட்டர் ஆபீஸில் இருக்கும் அண்ணன், யாரோ ஒருவர். இந்த இடத்தை எந்த வீடியோவும் நிரப்பவில்லை.

5. வேகம் ஒன்றுக்கு மேல் போகக் கூடாது. :-)

கல்லூரிகளுக்கும் கம்பெனிகளுக்கும் ஒரு வேண்டுகோள். நான் முதல்வன் திட்டம் 2022 மார்ச் 1-இல் தொடங்கியதிலிருந்து நம் மாநிலத்தில் கல்லூரிப் படிப்போடு திறன் பயிற்சியும் சேர்ந்து வருகிறது. நல்ல விஷயம். ஆனால் எந்தப் பயிற்சியாக இருந்தாலும் கடைசியில் 'சான்றிதழைப் பதிவேற்று' என்று கேட்பதற்குப் பதில், 'நீ செய்த ஃபைலைக் கொடு' என்று கேளுங்கள். சுத்தமில்லாத 200 வரிசைப் பட்டியல் ஒன்றைக் கொடுத்து, ஒரு மணி நேரம் தனியாக உட்கார வையுங்கள். 11 சான்றிதழ் வைத்திருப்பவன் யார், வேலை தெரிந்தவன் யார் என்று தெரிந்துவிடும். நீங்கள் சான்றிதழை எண்ணும்வரை நாங்கள் சான்றிதழைத்தான் சேர்ப்போம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்படிச் சேர்ப்பதில் ஏமாறுவது வசதியான வீட்டுப் பிள்ளைகள் இல்லை. அவர்களுக்கு அப்பாவின் கடையோ, தெரிந்த ஆடிட்டரோ இருப்பார், வேலை பழகிக்கொள்வார்கள். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்து, அம்மா கொடுத்த காசில் கோர்ஸ் வாங்கி, அந்த பிடிஎஃப்பை நம்பி இன்டர்வியூவுக்குப் போய் உட்காருகிறார்களே, அவர்கள்தான். அங்கே ஒரு ஷீட்டைத் திறந்து காட்டினால், எனக்கு அந்தத் திங்கள்கிழமை நடந்ததுதான் நடக்கும். எனக்கு எதிரில் இருந்தது அக்கா, திருத்திக் கொடுத்தார். அவர்களுக்கு எதிரில் இருப்பவர் 'சொல்லி அனுப்புகிறோம்' என்பார்.

என் கதையின் மீதி: அடுத்த மாதம் 14-ஆம் தேதி தாண்டியதும் நானே கடைக்குப் போனேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். இரண்டரை மணி நேரம் ஆனது. நான்கு தப்பு. அதற்கடுத்த மாதம் ஒன்றே கால் மணி நேரம், ஒரு தப்பு. நடுவில் இரண்டு வீடியோ பார்த்தேன், இரண்டும் ஐந்து நிமிடத்துக்குள். இதற்கு எனக்கு யாரும் சான்றிதழ் தரவில்லை. ஆனால் என் பயோடேட்டாவில் 11 கோர்ஸ் பெயர்களையும் எடுத்துவிட்டு, 'ஒரு சில்லறைக் கடைக்கு மூன்று மாதம் ஜிஎஸ்டி 2பி ஒத்துப்பார்த்தேன்' என்று ஒரே ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன்.

மூன்றாவது மாதம் இன்னும் வரவில்லை. 14-ஆம் தேதிக்குக் காத்திருக்கிறேன்.

பி.கு.: மாமா இப்போதும் டீ வாங்கிக் கொடுக்கிறார். வடை மட்டும், அக்கா ஃபைலைப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் வருகிறது. :-)